காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு

மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிற அந்த ஞாயிற்றுக்கிழமையில் மங்களம் உலை வைக்க மாட்டாள். அன்றைக்குத் தலைக்குச் சாயம் பூசும் நாள். ஈப்போ புந்தோங் ஃபிளாட்டில் நான்காவது மாடியில் தனியாளாக இருப்பவள் ஒரு வேளை சமைக்காவிட்டால் கேட்பார் யார்? காலையில் வாங்கி வந்த ரொட்டி சானாய் ஒன்றைத் தின்றுவிட்டு, கிழிந்த நைட்டியை மாட்டிக்கொண்டு, குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றுவிடுவாள்.

சாயம் பூசுவது என்ன பெரிய வித்தையா? ஊரில் பாதிப் பேர் செய்கிறார்கள். குழைத்தோம், பூசினோம், அலசினோம் என்று ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு நாடகம் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். மங்களத்துக்கு அது அரை நாள் பாடு. அவள் தலை அப்படி. முப்பது வயதுக்கு மேல் வந்து ஒட்டிக்கொண்ட செதில். நீங்கள் நினைக்கிற பொடுகு இல்லை. உச்சியிலும் பிடரியிலும் காதோரத்திலும் தோல் திட்டுத் திட்டாகச் சிவந்து, தடித்து, காய்ந்து, தவிடு தவிடாக உதிரும். வெயில் ஏறினால் அரிக்கும். கவலை வந்தால் இன்னும் அரிக்கும். சொறிந்தால் நீர் வடியும். இதில் அவள் கூட்டித் துடைக்கிற தனியார் கல்லூரியில் சீருடை கருநீலம். நாசமாய்ப் போகிற நிறம்! தோளில் ஒரு துளி உதிர்ந்தாலும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

"என்னாக்கா, இன்னைக்கும் மாவு பிசைஞ்சிட்டு அப்படியே வந்துட்டீங்களா?" என்று கூட வேலை செய்யும் புனிதா தோளைத் தட்டிவிடுவாள். அவள் கெட்டவள் இல்லை, வாய்தான் அப்படி.

இப்படிப்பட்ட தலையில் எதற்குச் சாயம்? நரைத்தால் நரைத்துவிட்டுப் போகிறது என்று விட வேண்டியதுதானே? புனிதாவும் இதைத்தான் கேட்பாள். மங்களம் சிரித்து மழுப்பிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். வெளியே சொல்லக்கூடிய காரணமா அது?

அவள் மங்களம் இல்லை. அதுதான் காரணம்.

சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில், 1962-இல் பிறந்தவள். பெற்றவர்கள் வைத்த பெயர் கருப்பம்மாள். பிறந்த பிள்ளைகளைப் பதிந்து மேலே அனுப்ப வேண்டியது தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் வேலை. அன்றைக்கு இருந்த கிராணி அனுப்பவில்லை. சோம்பலோ மறதியோ, அந்த மகராசனுக்கே வெளிச்சம். கருப்பம்மாளுக்குப் பிறப்புப் பத்திரமே இல்லாமல் போயிற்று. நான்கு வருஷம் கழித்து ஒரு தங்கை பிறந்தாள். அதற்குள் கிராணி மாறிவிட்டான். புதியவன் ஒழுங்கானவன், தங்கைக்கு மங்களம் என்று பத்திரம் வந்து சேர்ந்தது. பத்திரம் வந்த பிள்ளை எட்டாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டது. பால்மரங்களைத் தாண்டி ஆற்றோரத்தில் புதைத்தார்கள். சாவையும் பதிய வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தகரப் பெட்டியில் அந்தத் தாள் அப்படியே கிடந்தது.

அடையாள கார்டு இல்லாதவர்களுக்குத் தோட்டத்தில் வேலை கிடையாது என்று பேச்சு அடிபட்ட காலம். தாளில்லாத பிள்ளைக்குக் கார்டு எடுக்க அப்பா ஏறாத படி இல்லை. கடைசியில் ஒருநாள் தகரப் பெட்டியைத் திறந்தார். அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே பதினாறு வயது மகளை முன்னால் உட்கார்த்தி இரட்டைச் சடை பின்னி, நீல ரிப்பன் வைத்து மடித்துக் கட்டினாள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பள்ளிச் சீருடையை வாங்கி மாட்டிவிட்டாள். மகளுக்கு நோஞ்சான் உடம்பு. சடையும் ரிப்பனும் சேர்ந்து பன்னிரண்டு வயதாகக் காட்டிவிட்டன.

தாப்பாவுக்குப் பஸ் ஏறினார்கள். வழி நெடுக அப்பா பாடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

"பேரு கேட்டா என்னா சொல்லுவ?"

"மங்களம். பன்னெண்டு வயசு. ஆறாவது படிக்கிறேன்."

"பின்னாலேர்ந்து எவனாச்சும் கருப்பம்மான்னு கூப்புட்டா?"

"திரும்பக் கூடாது."

"திரும்புனேன்னு வெச்சுக்க, ஒன்னயும் என்னயும் சேத்து உள்ள தள்ளிருவானுங்க. சாவுற வரைக்கும் ஞாபகத்துல வெச்சுக்க."

பதிவிலாகாவில் இருந்த ஆள் சடையைப் பார்த்தான், ரிப்பனைப் பார்த்தான், கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினான். வேலை முடிந்தது. அடுத்த மாதமே அப்பா பாகான் டத்தோ பக்கம் வேறு தோட்டத்துக்குக் குடும்பத்தை மாற்றிக்கொண்டார். அங்கே பழைய பெயர் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும்கூட வீட்டுக்குள் வைத்து அந்தப் பெயரைச் சொல்லவில்லை. பயம்!

அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். அவளைக் கட்டிய ஐயாவு. லாரி அட்டெண்டன்ட். கல்யாணம் ஆகி மூன்றாம் வருஷம், மகன் சுகுமாரன் வயிற்றில் இருந்தபோது, மனம் தாங்காமல் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நடுங்கினாள். அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப நீ எனக்கு ஒரு வயசு மூத்தவளா? ஏய், இனிமே நான் ஒன்ன அக்கான்னு கூப்புடணுமா லா?"

அக்கா என்று கூப்பிடவில்லை. ஆள் இல்லாத நேரத்தில், கதவைச் சாத்திய பிறகு, "கருப்பு" என்று கூப்பிடுவார். அதற்கு மட்டும் அவள் திரும்புவாள்.

தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை நட்டார்கள். பால்வெட்டுக்காரர்களை வெளியே அனுப்பினார்கள். இவர்கள் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தார்கள். அவளுக்கு நாற்பது வயதாகும்போது கார்டை மாற்றிப் புதுப்படம் எடுக்கச் சொல்லி அரசாங்கம் கூப்பிட்டது. கார்டுப்படி வயது முப்பத்தாறு. கண்ணாடியில் பார்த்தால் முன்னந்தலையில் ஒரு கைப்பிடி நரை. சாயம் போட்டே ஆக வேண்டும் என்றாள்.

"முப்பத்தாறுல நரைச்சவங்க நாட்டுல இல்லியா?" என்று ஐயாவு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"அவங்கள்லாம் நெசமாவே முப்பத்தாறு. நான் அப்படியா?" என்றாள்.

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. கடைக்குப் போய்ச் சாயப் பாக்கெட் வாங்கி வந்தார். அன்று தொடங்கியதுதான் இந்த மூன்று வாரக் கணக்கு.

ஐயாவு பூசிவிடும் அழகே தனி. முதலில் அவளைச் சன்னல் வெளிச்சத்தில் உட்கார்த்தி, பகுதி பகுதியாக வகிடெடுத்து, செதில் அடங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். எங்கேயாவது புண் கண்ணில் பட்டால் அந்தத் தடவை சாயம் கிடையாது. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போ என்பார். புதுப் பாக்கெட் எதை வாங்கினாலும் துளி குழைத்துக் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துவிட்டு இரண்டு நாள் பொறுப்பார். அரிப்பில்லை, சிவப்பில்லை என்று தெரிந்த பிறகுதான் தலையைத் தொடுவார். நெற்றியோரமும் காதோரமும் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய பல் பிரஷ்ஷால், தோலில் படாமல் முடியை மட்டும் இழை இழையாகக் கறுப்பாக்குவார். லாரியில் மூட்டை தூக்குகிற கை, அவள் தலையில் மட்டும் பூப்போல நடமாடும். எந்தத் திட்டு எங்கே இருக்கிறது, எது புதிது, எது ஆறுகிறது என்பது அவளுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் லாரியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவரோடு அந்தப் பெயரும் போயிற்று. உலகத்தில் இனி அவளைத் தவிர அது யாருக்கும் தெரியாது. மகனுக்குக்கூடத் தெரியாது. அவன் ஜோகூரில் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான். அவன் பிறப்புப் பத்திரத்தில் தாயார் பெயர் மங்களம். தாய் பொய் என்று தெரிந்தால் அவன் கார்டும் போகும், பேத்தி கார்டும் போகும் என்று அவளாகவே முடிவு கட்டி வைத்திருந்தாள். யாரிடம் போய்க் கேட்டு உறுதி செய்வது? கேட்டாலே மாட்டிக்கொள்வோமே!

இப்படி இருக்கும்போதுதான் போன மே மாதம் புனிதா அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள்.

"அக்கா, பழைய கொன்ட்ராக் முடியுதாம். புதுக் கம்பெனி வருது. புதன்கிழமை எல்லாரையும் நேர்ல கூப்புட்டுப் பாப்பாங்களாம். அறுபதுக்கு மேல ஆளே வேணாமாம் லா."

"எனக்கு அம்பத்தெட்டுதானே."

"ஒங்களுக்கு என்னா, ஐசி கார்டுல வயசு இருக்கு. ஆனா சூப்பர்வைசர் பெரிய ஆளாம். ஒரு ஆள பாத்தாலே வயசு சொல்லிருவாராம்."

சும்மா அளந்துவிட்டாள் பாவி. எங்கே கேட்டாளோ, யார் சொன்னதோ! ஆனால் அந்தப் பேச்சு மங்களத்தைத் தூங்கவிடவில்லை. பார்த்தாலே சொல்லிவிடுவான். கார்டை வாங்கிப் பார்ப்பான். முகத்தைப் பார்ப்பான். சந்தேகப்பட்டுப் பதிவிலாகாவுக்கு எழுதிப் போட்டுவிட்டால்? நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் தாப்பாவில் வைத்த கைரேகையை எடுத்துவிட்டால்? வேலை போனால் போகட்டும், கஞ்சி குடித்துக் கிடக்கலாம். மகனையும் பேத்தியையும் ஊர் பேர் தெரியாதவர்களாக ஆக்கிவிட்டுச் சாக வேண்டுமா?

கவலை ஏற ஏறத் தலை கொதித்தது. சனிக்கிழமைக்குள் பிடரியில் இரண்டு இடத்தில் சொறிந்து புண்ணாக்கிவிட்டாள். ஐயாவு இருந்திருந்தால் பாக்கெட்டைப் பிடுங்கி வீசியிருப்பார். அவர்தான் இல்லையே. ஞாயிறு காலை லிட்டில் இந்தியாவில் வழக்கமாக வாங்கும் கடைக்குப் போனாள். வழக்கமான பாக்கெட் முடிந்துவிட்டது என்றான் கடைக்காரன்.

"இத எடுங்கக்கா. கறுப்பு மருதாணி. சுத்த மூலிகை. கெமிக்கல் ஒன்னும் இல்ல. பிறந்த பிள்ளைக்குக்கூடப் பூசலாம் லா."

மருதாணி! நம் ஆட்களுக்கு இந்த ஒரு வார்த்தை போதும், மேற்கொண்டு யோசிக்க மாட்டோம். கல்யாணத்துக்கு வைக்கிறோம், தீபாவளிக்கு வைக்கிறோம், மருதாணி யாரை என்ன செய்யும் என்று அவளும் நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து குழைத்தபோது ஐயாவுவின் பொட்டு ஞாபகம் வராமல் இல்லை. விரல் நுனியில் தொட்டுக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனாள். இன்று ஞாயிறு. இரண்டு நாள் என்றால் செவ்வாய். செவ்வாய்க்கிழமை ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால், பிறகு வேறு வாங்கி, அதற்கும் பொட்டு வைத்து... புதன் போய்விடுமே! விரலைத் துடைத்துவிட்டாள். எண்ணெய் தடவினாளா என்றால் தடவினாள். ஆனால் பிடரி கண்ணுக்குத் தெரியாதே. கைக்கு எட்டிய இடமெல்லாம், புண்ணின் மேலும், அள்ளி அப்பிக்கொண்டாள். எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வேண்டுமென்றேதான் உட்கார்ந்தாள். நன்றாகப் பிடிக்க வேண்டும், ஒரு நரைகூடத் தெரியக் கூடாது.

அலசிப் பார்த்தாள். அப்படி ஒரு கறுப்பு அவள் பிறந்ததிலிருந்து இருந்ததில்லை. கண்ணாடியைப் பார்த்து ஒரு தடவை சிரித்தும் கொண்டாள்.

திங்கட்கிழமை வேலையில் காதுமடல் தடித்தது. சாயந்திரம் நெற்றி கனத்தது. செவ்வாய் காலை விழித்தபோது விடிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. கண் திறக்கவில்லை. தடவிப் பார்த்தாள், இமை இரண்டும் வீங்கி ஒட்டிக் கிடந்தன. தலையணை நனைந்து நாறியது. தலையிலிருந்து நீர் இறங்கிக் கழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் புனிதாவின் எண் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத்தான் தெரியும், அழுத்தினாள்.

புனிதா வந்து கதவைத் தட்டி, இவள் தட்டுத் தடுமாறித் திறந்ததும், "ஐயோ கடவுளே!" என்று அலறிவிட்டாள். அப்புறம் ஒரு வார்த்தை கிண்டல் இல்லை. தோளில் சாய்த்து, படி படியாக இறக்கி, டாக்சி பிடித்து அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள்.

கிளினிக்கில் இருந்தது மாதுமை என்கிற டாக்டர். யாழ்ப்பாணத்து வம்சம், மெல்லப் பேசுகிறவர். வயது என்ன என்று கேட்டார். கண்ணே திறக்காத நிலையிலும் "அம்பத்தெட்டு" என்று வாய் தானாகச் சொல்லியது. என்ன பூசினீர்கள் என்று கேட்டதற்கு, "மருதாணிதான் டாக்டர், கெமிக்கல் இல்ல" என்றாள்.

"மருதாணி செம்பட்டையாத்தான் பிடிக்கும் அம்மா. கறுப்பாப் பிடிச்சா, உள்ள வேற மருந்து கலந்திருக்கு. டையில போடுற அதே மருந்துதான். இதுல எவ்வளவு கூடப் போட்டிருக்கோ யாருக்குத் தெரியும்? அதையும் புண் மேலயே போட்டிருக்கிறீங்க."

"இருவத்திரெண்டு வருஷமா டை அடிக்கிறேன் டாக்டர். ஒன்னும் ஆனதில்லயே."

"இத்தனை வருஷம் தாங்கின தோல் இனித் தாங்காது. ஒருக்கா இப்படி வந்தா பிறகு எப்பவும் வரும். இனிமேல் கறுப்புச் சாயம் தொடவே கூடாது. அடுத்த முறை மூச்சும் அடைக்கலாம்."

"கொஞ்சமாச்சும்? முன்னால மட்டும்?"

"ஒரு பொட்டுக்கூட வேண்டாம்." டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன் அம்மா பயப்படுறீங்க? நரைச்ச தலையும் வடிவுதான்."

வடிவாம்! மங்களத்துக்கு அழுகை வந்தது. வீங்கிய இமைக்குள் கண்ணீர் வர வழியில்லாமல் எரிந்தது. ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், தலைக்குத் தடவத் தண்ணீர் மருந்து கொடுத்தார்கள். புதன்கிழமை அவள் வீட்டில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை, முகம் பாதி வடிந்திருந்தது. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, வருவது வரட்டும் என்று கல்லூரிக்குப் போனாள். காவலாளி அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டுப் புதுக் கம்பெனி சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தான். தனேஸ்வரன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. மகன் வயதுகூட இருக்காது.

"என்ன ஆண்டி முகம் இப்படி? எறும்பு கிறும்பு கடிச்சிருச்சா?"

"தலைக்குப் போட்டது ஒத்துக்கல தம்பி. அதான் புதன்கிழமை இன்டர்வியூக்கு வர முடியல. நான் மங்களம்."

"எந்த இன்டர்வியூ?" அவன் தாள்களைப் புரட்டினான். "புதன்கிழமை யூனிபோர்ம் சைஸ் எடுக்கத்தான் லா கூப்புட்டோம். ஆளெல்லாம் போன மாசமே எடுத்தாச்சு. மங்களம்... ஆ, இருக்கு. அறுவத்தாறுல பொறந்தது. ஓகே."

"ஆள நேர்ல பாத்துத்தான் எடுப்பீங்கன்னு சொன்னாங்க."

"ஆள எதுக்கு ஆண்டி பாக்குறது? ஐசி போட்டோஸ்டாட் இருக்கு, நம்பர் சரியா இருக்கு, போதும் லா." அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. "ஒங்களுக்கு எல் சைஸ் போடவா?"

அவள் தலையாட்டினாள். அதையும் அவன் பார்க்கவில்லை. அவனாகவே எல் என்று எழுதிக்கொண்டான்.

துடைப்பமும் வாளியும் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மங்களம் அழுதாள். வேலை கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துப் புனிதா வெளியே நின்று, "அக்கா, அழுதா கண்ணு இன்னும் வீங்கிரும்க்கா" என்று கதவைத் தட்டினாள். சந்தோஷமாவது ஒன்றாவது! ஒருத்தரும் பார்க்கவில்லை. தாப்பாவில் அந்த ஆள் ரிப்பனைப் பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு நாற்பத்தாறு வருஷம் ஒரு மனிதர்கூடச் சந்தேகப்பட்டு அவள் தலையைப் பார்க்கவில்லை. பார்க்காத கண்களுக்காக இருபத்திரண்டு வருஷம் தோலை எரித்திருக்கிறாள். பயம் சொல்லிக் கொடுத்த அப்பா மேல் கோபம் வந்தது. அந்தப் பழைய கிராணி மேல் வந்தது. ஆற்றோரத்தில் கிடக்கிற எட்டு மாதக் குழந்தை மேல்கூட வந்தது. வந்த வேகத்தில் வெட்கமாகவும் இருந்தது. அது என்ன செய்யும்? அதன் பெயரையும் வயதையும் இவள் எடுத்துக்கொண்டாள். அதற்கென்று ஒரு வருஷம் திதி கொடுத்ததில்லை. உயிரோடு இருக்கிறவளுக்கு எப்படித் திதி கொடுப்பது?

இரண்டு மாதம் போயிற்று. புண் ஆறியது. செதில் எங்கேயும் போகவில்லை, அது கூடவே வந்த சொத்து. சாயம் பூசாத தலையில் அடிமுடி விரற்கடை அளவுக்கு வெள்ளையாகவும் மிச்சம் தார் பூசின மாதிரி கறுப்பாகவும் நின்றது. பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தன. முடி வெட்டும் கடைக்குப் போனால், தலையைக் கண்டதும் அந்தப் பெண் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்; ஒட்டுகிற வியாதி என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. யாரிடமும் விளக்கம் சொல்லாமல் ஒரு பெண் தலையை மழிக்க இந்த ஊரில் ஒரே இடம் கோயில்தான்.

ஆடி மாதத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஞாயிறு காலை அவள் எப்போதும் போகிற மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். பின்பக்கத்தில் முடி இறக்குகிற ஆள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புண்ணு ஒன்னும் இல்லியே?"

"ஆறிருச்சுண்ணே. டாக்டர் இறக்கலாம்னுட்டாங்க. காஞ்ச இடமா இருக்கும், மெதுவா எடுங்க."

"என்னா வேண்டுதல் லா அக்கா, இந்த வயசுல?"

இந்த வயசுல என்று அவர் சர்வ சாதாரணமாகச் சொன்னது காதில் விழுந்தது. எந்த வயது என்று அவர் நினைத்தார் என்று கேட்க வாய் துடித்தது.  "சும்மாதான்" என்றாள். அவர் தண்ணீர் தெளித்துத் திட்டுகளை ஒதுக்கி ஒதுக்கி மழித்தார். ஐயாவுக்குப் பிறகு எட்டு வருஷம் கழித்து இன்னொரு கை அந்தத் தலையைத் தொடுகிறது. குனிந்தே அழுதாள். தண்ணீரோடு தண்ணீராக அது போயிற்று. சந்தனம் பூச வந்தபோது மட்டும், "வேணாம்ணே, ஒத்துக்காது" என்று கையைத் தடுத்தாள்.

குளித்து, ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு அர்ச்சனைச் சீட்டோடு சன்னிதிக்குப் போனாள். கூட்டம் நெரிந்தது. குருக்கள் கழுத்தில் மைக் மாட்டியிருந்தார். ஒவ்வொருவர் பெயரும் ஒலிபெருக்கியில் கோயில் முழுக்கக் கேட்டது. அவளுக்கு முன்னால் நின்ற குடும்பம் வரிசையாகப் பெயர்களைச் சொல்லிவிட்டு நகர்ந்தது. குருக்கள் இவளைப் பார்த்துச் சிரித்தார். பதினைந்து வருஷமாகத் தெரிந்தவர்.

"மங்களம்தானேம்மா? நட்சத்திரம் தெரியாதுன்னு சொல்லுவீங்க."

தேங்காய்த் தட்டை நீட்டினாள். "மங்களத்துக்கு வேணாம் சாமி," என்றாள். "கருப்பம்மாள். அந்தப் பேருக்குப் பண்ணுங்க."

"யாரும்மா அது? பழைய காலத்துப் பேரா இருக்கே. ஒங்க அம்மாவா?"

"இல்ல சாமி."

குருக்கள் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். மழித்த தலையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனைக்காதீங்க. தவறிப் போனவங்க பேருக்கு இங்க அர்ச்சனை பண்ணக் கூடாது. அவங்க இருக்காங்களா?"

  பின்னால் இருந்தவர்கள் முண்டினார்கள். "சீக்கிரம் லா" என்று யாரோ சொன்னார்கள்.

"இருக்காங்க சாமி," என்றாள். "உசுரோடதான் இருக்காங்க."

குருக்கள் கையை எடுத்தார். கருப்பம்மாள் என்கிற பெயர் ஒலிபெருக்கியில் ஏறி, மண்டபம் முழுக்கப் பரவி, தீக்குழி வெட்டிக்கொண்டிருந்த வெளி முற்றம் வரைக்கும் போயிற்று. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று அப்பா சொன்ன பெயர். யாராவது தோளைப் பிடிப்பார்கள் என்று காத்து நின்றாள்.

மெல்லத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பெண் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் பிரசாதத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை அழுதது. அந்தப் பெயருக்குத் திரும்பியவள் கருப்பம்மாள் ஒருத்திதான்.